வேலை கொடுப்பதும் ஒரு வேலைதான்

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் செல்வோர் காணும் வீரசோழன் வட்டாரம், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைப்பதும், கண்மாய் பெருகினால் நெல் என்றும் பெருகாவிட்டால் மிளகாய், பருத்தி, மல்லி என்றும் மனத்தைத் தேற்றிக்கொள்வதும், அதுவும் பொய்த்த ஆண்டில் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பதுமாகக் காலம் தள்ளிவந்த பூமியாகும். இத்தகைய பூமியில் படித்த பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டதென்றால் அடுத்த வாரமே பெட்டி கட்ட வேண்டும் என்பதே நேற்றுவரை இருந்த நியதி. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் சென்றவர்கள் அனுப்பிய பணத்தில்தான் பல வீடுகளில் ஓடு இறங்கி மெத்தை ஏறியது. இப்போது அந்த நியதிக்குச் சிறிய அளவில் ஒரு விலக்கு ஏற்பட்டு வருகிறது. மெய்ப்புத் திருத்துதல், மொழிபெயர்த்தல், கணக்கு எழுதுதல், படம் வரைதல், பாடம் தயாரித்தல் முதலிய காரியங்களை, முகம் அறியாத நிறுவனங்களுக்காக, வீட்டு முன்னறையில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலைக்கு வேலை பேசிச் செய்துகொடுக்கும் ஃப்ரீலான்ஸ் பணியாளர்கள் இத்தகைய ஊர்களிலும் தோன்றத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களுடைய உழைப்பு எவ்வளவு பலன் தரும் என்பதை, இவர்களுடைய சுறுசுறுப்பைக் காட்டிலும், இவர்களுக்கு வேலை தரும் ஸ்தாபனத்தின் ஒழுங்கே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இது சில பேருடைய சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. நிதி ஆயோக் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, நிரந்தர உத்தியோகம் என்ற கட்டுக்குள் வராமல் வேலைக்கு வேலை ஊதியம் பெறுவோர் 2020-21இல் நம் தேசத்தில் 77 லட்சம் பேர். 2029-30இல் அத்தொகை 2 கோடியே 35 லட்சம் ஆகும் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு. இவர்களில் உணவுப் பொட்டலம் கொண்டுசெல்பவரும் வாடகை வண்டி ஓட்டுபவரும் தெருவில் நம் கண்ணுக்குத் தென்படுவதால் அவர்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தமிழக அரசும் 2023இல் அவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. இவை வேண்டியவையே. ஆனால் நிதி ஆயோக்கின் அதே அறிக்கை, இப்பெருங் கூட்டத்தில் நூற்றுக்கு 22 பேர் உயர்ந்த திறன் வேண்டும் தொழில்களில் இருப்பவர்கள் என்றும் கூறுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கும் இவர்களை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களும், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இவர்களுக்கு உபதேசம் செய்வோருக்கு மட்டும் குறைவில்லை. அதிகாலையில் எழு, கைபேசியைத் தள்ளி வை, நாட்குறிப்பு எழுது, மேசையைச் சுத்தமாக வை என்ற புத்திமதிகள் எத்தனையோ நூல்களிலும் காணொளிகளிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவையனைத்தும், குறை வேலை செய்பவரிடத்தில்தான் இருக்கிறது என்ற ஒரே அனுமானத்தின் மீது கட்டப்பட்டவை. அறிவை மூலதனமாகக் கொண்டு உழைப்பவர் என்றொரு தனி வகுப்பு உருவாகிறது என்பதை 1959ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டிய பீட்டர் டிரக்கர், நாற்பது ஆண்டுகள் கழித்து 1999இல் அவர்களுடைய உற்பத்தித் திறனைப் பற்றி எழுதியபோது முதலாவதாக வைத்த கேள்வி, செய்ய வேண்டிய வேலை எது என்பதுதான். ஆலையில் நிற்பவனுக்கு வேலை எது என்பதை இயந்திரமே சொல்லிவிடும். எழுதுபவருக்கும் வரைபவருக்கும் அதை ஒரு மனிதர் சொல்ல வேண்டும். காரியாலயத்துக்குள் இருப்பவர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். வீரசோழனில் இருப்பவருக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் யாவரும் அறிந்த ஒரு வேலையின் போக்கைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நாற்பது பக்கச் சுகாதாரக் கையேடு ஒன்று, "அவசரம், திங்கட்கிழமை காலையில் வேண்டும்" என்ற குறிப்போடு வந்து சேருகிறது. முன்பு வந்த பதிப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடவே ஒரு கோப்பு. திறந்தால் தமிழ் எழுத்தே இல்லை, ரோமானிய எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து கிடக்கிறது. அது வானவில் எழுத்துருவில் அடிக்கப்பட்டது. யுனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டபோதிலும், பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகள் இன்னும் காரியாலயங்களில் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பவர் அதை எழுத்துரு மாற்றியில் இட்டு எடுத்தால், கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி விழ வேண்டிய இடத்தில் விழாமல், பாதி வரிகள் பழுதாக வருகின்றன. சனிக்கிழமை முற்பகல் அதைச் செப்பனிடுவதிலேயே கழிகிறது. இக்கையேடு கிராமச் செவிலியர் படிப்பதற்கா, அவர் தாய்மாருக்கு வாசித்துக் காட்டுவதற்கா என்பது எங்கும் எழுதப்படவில்லை. கலைச்சொல் பட்டியல் இல்லை. கேள்விகளைத் தொகுத்து அனுப்பினால், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்ம்மா" என்ற பதிலோடு இரண்டு நாள் மௌனம். ஊகத்தின் பேரில் முடித்து அனுப்பிய பிறகு, புதன்கிழமை ஓர் அதிகாரி நடையை எளிதாக்கச் சொல்லுகிறார். அடுத்த வாரம் அவருக்கு மேலுள்ளவர், இவ்வளவு எளிதாக இருந்தால் அரசாங்கக் கையேடு போலத் தோன்றவில்லை என்று பழையபடி ஆக்கச் சொல்லுகிறார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செய்த உழைப்புக்குத் தனிக்கூலி இல்லை. இந்த வேலையில் மொழிபெயர்ப்புக்குச் சென்ற நேரம் எவ்வளவு, ஸ்தாபனத்தின் தடுமாற்றத்தைச் சுமப்பதற்குச் சென்ற நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டால், அதிகாலையில் எழுந்திருக்கச் சொல்லும் புத்திமதியின் வரம்பு விளங்கிவிடும்.

வீட்டிலிருந்தபடி, சொந்தக் கருவியைக் கொண்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஏற்பாடு நம் பிரதேசத்துக்குப் புதியதன்று. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர்போன ஊர். கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறியும் தலைமைச் சங்கம் 1935இல் தோன்றியதும், அதைச் சார்ந்து ஊர்தோறும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகியதும், வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்த தனி மனிதரை வியாபாரியின் தயவிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற நோக்கத்தினால்தான். சங்கம் செய்தது என்ன? தறி நெசவாளருடையது, வீடு அவருடையது, காலையில் எப்போது மிதியில் கால் வைப்பது என்பதும் அவருடைய சுதந்திரம். ஆனால் பாவும் ஊடை நூலும் சங்கத்திலிருந்து வரும். எந்த நம்பர் நூல், எவ்வளவு அகலம், கரை எப்படி, முந்தி எப்படி என்பது நெய்வதற்கு முன்பே தீர்மானமாகியிருக்கும். நெய்து கொண்டுபோய்ப் போட்டால் கூலி கணக்கில் ஏறும். கூலியில் ஒரு பங்கை நெசவாளரும் அதனோடு ஒரு பங்கை அரசும் சேர்த்துப் போடும் சேமிப்பு நிதி முதுமைக்கு உதவும். பாவு வராத நாளில் தறி சும்மா கிடந்தால், அதை நெசவாளரின் சோம்பல் என்று எவரும் சொல்வதில்லை. சங்கத்தின் குறை என்றுதான் சொல்வார்கள். சரக்கு தேங்கியும் தள்ளுபடி மானியம் நிலுவையில் நின்றும் சங்கங்கள் தள்ளாடிய காலங்களில் கூலி தாமதப்பட்டதும், பலர் பழையபடி முதலாளியிடம் சென்றதும் உண்மையே. அப்படித் தவறியபோது கூட, தவறியது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அறிவுத் தொழிலில் நாம் இன்னும் அந்த நியாய உணர்வுக்கு வந்து சேரவில்லை. பாவு கொடுக்காமலே புடவையைக் கேட்கிறோம்.

அறிவு சம்பந்தமான காரியத்தை வெளியிலுள்ளவர்களைக் கொண்டு எப்படி நடத்துவது என்பதற்கும் தமிழகத்தில் உயர்ந்த முன்மாதிரி உண்டு. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1946இல் ஏற்பட்ட தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் தயாரிக்க முற்பட்டது. முதல் தொகுதி 1954இலும் பத்தாவது தொகுதி 1968இலும் வெளிவந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர்கள் அதற்கு எழுதினார்கள். அவர்கள் கழகத்தின் சம்பளக்காரர்கள் அல்லர். கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தாவர நூல் வல்லவரும் வானநூல் வல்லவரும் சங்கீத வித்துவானும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் ஒரே நூலாக நிற்பதற்குக் காரணம், நடுவில் ஒரு சிறிய பதிப்புக் குழு இடைவிடாமல் உட்கார்ந்து, கலைச்சொல்லையும் நடையையும் அளவையும் ஒருமுகப்படுத்தியதுதான். அக்குழு இல்லாதிருந்தால் ஆயிரம் அறிஞர்கள் இருந்தும் ஒரு தொகுதி கூட வெளிவந்திராது. வெளியாட்கள் எவ்வளவு அதிகமோ, உள்ளே இருக்கும் சிலருடைய சிரத்தை அவ்வளவு அதிகம் வேண்டும் என்பதே இதன் பாடம். இன்றைய நிறுவனங்களோ, வெளியாட்களை அமர்த்தியவுடன் உள்ளே இருந்த அந்தச் சிலரையும் செலவுக் குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

இனி, பணத்துக்கு வருவோம். உற்பத்தித் திறனைப் பற்றிப் பேசும்போது பணப் பட்டுவாடாவைப் பேசுவது அநாகரிகம் என்று நினைப்போர் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மூன்று மாதம் கழித்து வரும் பணத்தை நம்பி எவரும் மளிகைக் கடையில் கணக்கு வைக்க முடியாது. ஆகவே சுயேச்சைப் பணியாளர் ஒரே சமயத்தில் ஐந்து இடங்களில் வேலையை ஒப்புக்கொள்கிறார். ஐந்தையும் அரைகுறையாகச் செய்கிறார். மீதி நேரத்தில் பழைய பில்லுக்காகத் தொலைபேசியில் கெஞ்சுகிறார். நிறுவனம் அடுத்த வேலையில் தரக்குறைவு என்று காண்பது பெரும்பாலும் தான் முந்தின வேலைக்குப் பணம் தராததன் விளைவே.

இவ்விஷயத்தில் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட குறுந்தொழில் செய்பவருக்கு வேலை வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டாமலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, அத்தவணைக்குள் தராத தொகையை வேலை வாங்கியவர் அவ்வாண்டின் செலவாகக் கணக்குக் காட்டவும் முடியாது. தனியாக ஒரு மடிக்கணினியோடு சேவை செய்பவரும் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இதை அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்தவரும், வட்டி கேட்டால் அடுத்த வேலை வராதே என்ற அச்சத்தால் வாய் திறப்பதில்லை. ஆதலால் சட்டத்தை நினைவூட்ட வேண்டிய கடமை பலவீனரான வேலைக்காரருடையது என்று விட்டுவிடாமல், நிறுவனமே தன் கணக்குப் பிரிவுக்கு அதை விதியாக்குவதுதான் முறை. நியூயார்க் நகரத்தில் 2017 முதல் அமலில் உள்ள சட்டம், 800 டாலரும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்றும், தவணை குறிக்காவிடில் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும் பொறுப்பை வேலை தருபவர் தலையிலேயே வைத்தது.

கண்காணிப்பு என்பது இன்னொரு விஷயம். பணியாளரின் கணினித் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடித்து, விசைப்பலகை எத்தனை முறை தட்டப்பட்டது என்று எண்ணி, வேலை தந்தவருக்கு அனுப்பும் மென்பொருள்கள் இன்று சாதாரணமாகிவிட்டன. யோசிக்கும் தொழிலில் கை ஓய்ந்திருக்கும் நேரமே பல சமயம் வேலை நடக்கும் நேரம் என்பதை அந்த மென்பொருள் அறியாது. அதைத் திருப்திப்படுத்துவதற்காகப் பணியாளர் அநாவசியமாகச் சுட்டியை அசைத்துக்கொண்டிருப்பார், யோசனை நின்றுவிடும். முதல் நான்கு பக்கத்தை மாதிரிக்கு வாங்கி, உடனே படித்துப் பார்த்து, இந்த நடை வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுவது, கணினித் திரையின் ஆயிரம் படங்களைச் சேகரிப்பதைக் காட்டிலும் அதிகப் பிரயோஜனம் உள்ள மேற்பார்வை. ஆனால் அதற்கு யாராவது உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்தைப் படிக்க வேண்டும்.

உரிமையும் பெயரும் கூட உற்பத்தித் திறனைச் சேர்ந்தவையே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு அமர்ந்தவர் வேலையின் பகுதியாக எழுதியது எஜமானருடையது. ஆனால் வெளியிலிருந்து எழுதிக்கொடுப்பவர், எழுத்து மூலமாக மாற்றித் தராத வரையில், பொதுவாகத் தாமே முதல் உரிமையாளர். இதை அறியாமலோ அறிந்தோ பல நிறுவனங்கள், எல்லா உரிமையும் என்றென்றைக்கும் தமக்கே என்ற வாசகத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, நூலில் மொழிபெயர்த்தவர் பெயரைக் கூடப் போடுவதில்லை. பெயர் போட்டால் காசு செலவில்லை. அந்தப் பெயரைக் காட்டி அடுத்த இடத்தில் வேலை பெற முடியும் என்பதால், அவர் அந்த வேலையில் ஒரு வரிக்கு இரு முறை சிரத்தை கொள்ளுவார்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். இத்தனை சம்ரட்சணையும் செய்வதாக இருந்தால் ஆளை நிரந்தரமாகவே அமர்த்திக்கொள்ளலாமே, தொல்லை இல்லாமல் காரியம் நடக்க வேண்டும் என்றுதானே வெளியாளிடம் கொடுக்கிறோம் என்பார்கள். நான் கேட்பவை சம்பளமோ, விடுமுறையோ, வைப்பு நிதியோ அல்ல. எது வேலை என்ற தெளிவு, கேள்விக்கு விடை சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர், குறித்த நாளில் பணம். இவை சலுகைகள் அல்ல, வேலை நடப்பதற்கான சாமான்கள். செங்கல் கொடுக்காமல் கொத்தனாரை விரைவாகக் கட்டச் சொல்லுவதைத் தொல்லையற்ற ஏற்பாடு என்று எவரும் புகழமாட்டார்கள். மறுபக்கத்தில், சொன்ன தவணை தவறுவதும், பாதியில் தொலைபேசியை அணைத்துவிடுவதும், இயந்திர மொழிபெயர்ப்பைத் தம் உழைப்பென்று ஒப்படைப்பதும் சுயேச்சைப் பணியாளர் சிலரிடம் காணும் குற்றங்கள். அவற்றுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. ஆனால் அக்குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கும், வேலை இன்னதென்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு தாள் வேண்டுமல்லவா?

தனியார் நிறுவனங்களை மட்டும் நோக்கி இதைச் சொல்லுவது நியாயமாகாது. பாட நூலும் கையேடும் விளம்பரமும் அறிக்கையும் வெளியாட்களிடம் தயாராகி வரும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும்தான் தமிழில் அறிவு வேலை தருபவர்களில் பெரியவை. அவை தம் பில்களைத் தவணைக்குள் தீர்த்து, யுனிகோடில் மட்டுமே கோப்பு தருவது என்று ஒழுங்கு செய்துகொண்டால், பிறருக்கு அதுவே வழிகாட்டும். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், சிறு கட்டணத்தில் மேசையும் இணையமும் தந்து, தனியே உழைப்பவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை அங்கீகரித்தது. நகரத்தில் அது சௌகரியம். வீரசோழனிலோ, நரிக்குடியிலோ, கோடைக்கால மின்தடையின்போது அது அத்தியாவசியம். பொது நூலகச் சட்டத்தை 1948இலேயே இயற்றி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்துவரும் மாகாணம் நம்முடையது. கிளை நூலகத்தில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள நாலு மேசையும் நம்பத்தக்க இணையமும் வைப்பதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

அதற்கும் அப்பால் ஒரு படி உண்டு. பெல்ஜியத்தில் 1998இல் கலைஞர்களுக்காகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் கூட்டுறவாக மாறிய ஸ்மார்ட் என்ற அமைப்பு, உறுப்பினரின் பில் தொகையில் ஒரு சிறு பங்கைப் பிடித்துக்கொண்டு, வேலை வாங்கியவர் தாமதித்தாலும் உறுப்பினருக்குக் குறித்த காலத்தில் ஊதியத்தைத் தந்துவிடுகிறது; பாக்கியை வசூலிக்கும் பாரம் அமைப்புடையது. தனி மனிதர் கேட்கத் தயங்கும் வட்டியைச் சங்கம் தயங்காமல் கேட்கும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நம்மிடம் இருக்க, நெசவுச் சங்கத்தின் நிறைகுறைகளை மூன்று தலைமுறையாக அறிந்த அருப்புக்கோட்டை வட்டாரத்தில், மொழிபெயர்ப்போரும் மெய்ப்புத் திருத்துவோரும் படம் வரைவோரும் சேர்ந்து அத்தகைய ஒரு சங்கம் காண்பது எட்டாத காரியம் அன்று. மாவட்ட நிர்வாகமும் உள்ளூர்க் கல்லூரிகளும் தம் வேலையில் ஒரு பகுதியை அதற்குத் தந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் அது நிமிர்ந்து நிற்கும்.

நிறுவனத் தலைவர்கள் இதையெல்லாம் பெரிய சீர்திருத்தம் என்று அஞ்ச வேண்டியதில்லை. வெளியாளிடம் கொடுத்த கடைசிப் பத்து வேலைகளின் கோப்புகளை ஒரு நாள் மேசைமீது வரவழைத்து, ஒவ்வொன்றிலும் நான்கு தேதிகளைக் குறித்துப் பார்க்கட்டும்: வேலை ஒப்படைக்கப்பட்ட நாள், பணியாளரின் கேள்விக்கு விடை சென்ற நாள், வேலை முடிந்து வந்த நாள், பணம் சென்ற நாள். முதல் தேதிக்கும் மூன்றாம் தேதிக்கும் இடைப்பட்ட காலத்தை மட்டுமே இதுவரை அளந்து, அது நீண்டபோதெல்லாம் வெளியாளைக் குறை கூறிவந்திருப்பார்கள். மற்ற இடைவெளிகள் நிறுவனத்தின் சொந்த வேலையின் அளவு. அவற்றைக் குறைக்காத நிர்வாகிக்கு, வெளியாளின் தாமதத்தைக் குறித்து ஒரு வார்த்தை பேசவும் யோக்கியதை கிடையாது.